எட்டு நாள் முறையும் பைத்தானும்

எங்க கிணத்துல நாலு குடும்பத்துக்குப் பங்கு. இந்தப் பதிவு அந்தக் கிணத்தைப் பத்தினதுதான். ஆனா பாதிக்கு மேல கம்ப்யூட்டரைப் பத்தி இருக்கும். கிணத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுத்துக்கங்க, சொல்றேன்.

காங்கேயம் பக்கம் எங்க தோட்டத்துக்கு ஆத்துத் தண்ணியும் வராது, வாய்க்கால் தண்ணியும் வராது. தாத்தா வெட்டின கிணறு ஒண்ணுதான். 65 அடி ஆழம், பாதிக்குக் கீழே பூராவும் பாறை. ஒரே மோட்டார், ஒரே கரண்டு சர்வீஸ். நாலு தோட்டத்துக்கும் அதுல இருந்துதான் தண்ணி பாயணும். அதனால ஆளுக்கு இத்தனை நாள்னு பிரிச்சு வெச்சிருக்கோம். அதுக்குப் பேருதான் முறை.

8 நாள் ஒரு சுத்து. பெரியப்பா வீட்டுக்கு 3 நாள், எங்களுக்கு 2, சித்தப்பாவுக்கு 2, அத்தைக்கு 1. அத்தை அவங்க பங்கை ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே மேக்காலத் தோட்டத்துக்காரருக்கு வித்துட்டாங்க. பெரியப்பாவுக்கு ஏன் ஒரு நாள் அதிகம்னா, கிணத்தை ஆழப்படுத்தினப்போ வெட்டுக்கூலி பூரா அவர் கைக்காசு. பாகப் பத்திரத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கு.

இந்த 8 நாள்ல ஒரு நல்ல சூட்சுமம் இருக்கு. வாரத்துக்கு 7 நாள். முறையும் 7 நாளா இருந்திருந்தா, ஞாயித்துக்கிழமை வாங்கினவனுக்கு ஆயுசு பூரா ஞாயித்துக்கிழமைதான். 8 நாள்னா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு கிழமை தள்ளிப் போகும். 56 நாள்ல எல்லாருக்கும் எல்லாக் கிழமையும் வந்துடும். ஆள் கிடைக்காத நாள், சந்தைக்குப் போற நாள், கல்யாணங்காட்சி வர்ற நாள், எல்லாம் சமமாப் பங்காயிடும். தாத்தா காலத்து ஆளுங்க இதை யோசிச்சு வெச்சாங்களா, பங்கு பிரிச்சதுல தானா அமைஞ்சுதான்னு தெரியல. எப்படியோ, நல்லா அமைஞ்சுது.

ஆனா அதுலயே ஒரு சங்கடமும் இருக்கு. கிழமையை வெச்சு ஞாபகம் வெச்சுக்க முடியாது. இன்னிக்கு யார் முறைன்னு யாராவது எண்ணிக்கிட்டே இருக்கணும். எங்க பெரியப்பா இருந்த வரைக்கும் அவர்தான் எண்ணினார். மோட்டார் ரூம் சுவத்துல கரிக்கட்டையில கோடு போடுவார். மழை பேஞ்சாலும், கோயில் நோம்பி வந்தாலும், ஒறம்பரைக்குப் போயிருந்தாலும், திரும்பி வந்ததும் கோடு சரியா இருக்கும். "இன்னிக்கு உன்ற முறை"ன்னு அவர் சொன்னா மறுபேச்சு இல்லை.

அவர் போனதுக்கப்பறம் கோடு நின்னு போச்சு. ஆளுக்கு ஒரு கணக்கு வந்துடுச்சு. மழை பேஞ்சு மோட்டார் போடாத நாள் கழிஞ்சதா, இல்ல அந்த முறை அப்படியே நிக்குதா? நோம்பிக்கு எல்லாரும் போன மூணு நாள் யார் கணக்குல? ஐப்பசி, கார்த்திகையில இதெல்லாம் பெருசாத் தெரியாது. கிணறு நிறைஞ்சிருக்கும், யார் எப்ப எடுத்தா என்ன. மாசி, பங்குனியில ரெண்டு மணி நேரம் மோட்டார் ஓடினாலே தண்ணி தீர்ந்துடும். மறுபடி ஊற ராத்திரி பூரா ஆகும். அந்த ரெண்டு மணி நேரம் யாருதுங்கறதுதான் வெள்ளாமையே.

பெரியப்பா மகன் எனக்கு அண்ணன். என்னைவிட ஆறு வயசு மூத்தவர். சின்ன வயசுல எனக்கு இந்தக் கிணத்துல நீச்சல் கத்துக் குடுத்தது அவர்தான். முறைத் தகராறுல ஒரு வருஷமா எங்களுக்குள்ள பேச்சு இல்லை. ஒரு கல்யாணத்துல பந்தியில எதிரெதிரே உக்காந்து சாப்பிட்டோம், ரெண்டு பேரும் இலையைத்தான் பாத்தோம். யார் பக்கம் நியாயம்னு இங்க எழுதப் போறதில்லை. நியாயத்தைச் சொல்ல எங்க ரெண்டு பேர்கிட்டயும் கணக்கு இல்லைங்கறதுதான் நிஜம்.

என் மகள் கோயமுத்தூர்ல வேலை பாக்கறா. தை நோம்பிக்கு வந்திருந்தப்போ இதைச் சொல்லிப் புலம்பினேன். "இதுக்கு ஒரு ப்ரோக்ராம் எழுதிடலாம்ப்பா, பத்து வரிகூட வராது"ன்னா. "சரி கண்ணு, எழுதிக் குடுத்துட்டுப் போ"ன்னேன். அவ ஒத்துக்கல. "நான் எழுதிக் குடுத்தா, நாளைக்குப் பெரியப்பா வந்து இது எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க? உங்க மகள் உங்களுக்குச் சாதகமா எழுதிட்டான்னுதான் சொல்லுவாங்க. நீங்களே கத்துக்கங்க. நான் போன்ல சொல்லித் தரேன்"ன்னா.

எனக்கு 54 வயசு. படிச்சது பத்தாவது. ஆனா அவ சொன்னதுல நியாயம் இருந்தது. பிளஸ் டூ படிக்கறப்போ அவளுக்கு அரசாங்கம் குடுத்த இலவச மடிக்கணினி பரண்மேல கிடந்தது. பேட்டரி போயிருச்சு, ஒயர் மாட்டினாத்தான் ஓடும். அதுல பைத்தானை ஏத்திக் குடுத்துட்டு ஊருக்குப் போனா.

பைத்தான்னதும் நான் மலைப்பாம்புன்னுதான் நினைச்சேன். அந்தப் பேரு ஒரு பழைய பிரிட்டிஷ் டிவி நகைச்சுவை நிகழ்ச்சியில இருந்து வந்ததாம். நெதர்லாந்துக்காரர், கீடோ வான் ராஸம்னு பேரு. 1989 டிசம்பர்ல கிறிஸ்துமஸ் லீவுல பொழுது போறதுக்காக ஆரம்பிச்சிருக்கார். 1991இல் வெளியில விட்டார். எங்கயோ ஆம்ஸ்டர்டாம்ல ஒருத்தர் லீவுல ஆரம்பிச்சது, காங்கேயம் பக்கம் ஒரு சாளையில கிணத்து முறை பாக்க வந்து நிக்குது. காசும் கிடையாது, யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

(ஒரு விஷயம் சொல்லிடறேன். கீழே ப்ரோக்ராம் வார்த்தையை எல்லாம் தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன். டைப் பண்றப்போ ஆங்கிலத்துலதான் அடிக்கணும்.)

முதல்ல அவ சொல்லிக் குடுத்தது இம்போர்ட். பைத்தானைத் திறந்த உடனே அதுக்குக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் வகுக்கவும் தெரியும். தேதி தெரியாது. பிப்ரவரிக்கு எத்தனை நாள், எது லீப் வருஷம், அதெல்லாம் தெரியாது. ஆனா அதெல்லாம் தெரிஞ்ச ஒரு பகுதியை ஏற்கனவே யாரோ எழுதி, பைத்தானோடயே சேர்த்துத்தான் குடுத்திருக்காங்க. அதுக்குப் பேரு மாட்யூல். தேதிக்கு உண்டான மாட்யூல் பேரு டேட்டைம். 2003இல் வந்த 2.3ங்கற பதிப்புல இருந்து அது கூடவே வருது. வேணும்னா நாம பேர் சொல்லிக் கூப்பிடணும். "ஃப்ரம் டேட்டைம் இம்போர்ட் டேட்"னு ஒரு வரி. டேட்டைம் மாட்யூல்ல இருந்து டேட்ங்கறதை எடுத்துக் குடுன்னு அர்த்தம்.

எனக்கு இது உடனே புரிஞ்சுது. நெல்லு அறுக்கற மிஷினை எந்தச் சம்சாரியும் வாங்கிக் கட்டுத்தரையில நிறுத்தி வெக்கறதில்லை. அறுப்பு வந்தா கூப்பிடறோம், அறுத்துக் குடுத்துட்டுப் போகுது. எல்லாத்தையும் எப்பவும் வீட்டுலயே வெச்சிருந்தா நிக்க இடம் இருக்காது. பைத்தானும் அப்படித்தான். பேர் சொல்லாத மாட்யூல் நமக்கு உதவிக்கு வராது.

அதுக்கு ஒரு எச்சரிக்கையும் சொன்னா. மாட்யூல் பேரைச் சொன்னதும் பைத்தான் பெரும்பாலும் நம்ம ஃபைல் இருக்கற இடத்துலதான் முதல்ல தேடும். அங்க இல்லைன்னாத்தான் தன் கிடங்குக்குப் போகும். அதனால நம்ம ஃபைலுக்கு டேட்டைம்னு பேர் வெக்கக் கூடாது. வெச்சா, தேதி மாட்யூலைக் கூப்பிடறப்போ நம்ம ஃபைலே எந்திரிச்சு வந்து நிக்கும். ஒரே தெருவுல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா கடுதாசி மாறிப் போற மாதிரி. நான் முறை.பைன்னு பேர் வெச்சேன்.

அப்பறம் கணக்கு. இது நம்ம பள்ளிக்கூடத்து வகுத்தல்தான். ஒரு முதல் நாள் வேணும். கேக்கற தேதியில இருந்து முதல் நாளைக் கழிச்சா நடுவுல எத்தனை நாள்னு வந்துடும். ரெண்டு தேதியைக் கழிக்கற வேலையை டேட் பாத்துக்கும். லீப் வருஷம், 30, 31 எதுவும் நம்ம கவலை இல்லை. அந்த எண்ணிக்கையை எட்டால வகுத்தா மிச்சம் 0 முதல் 7 வரைக்கும் ஏதோ ஒண்ணு வரும். 0, 1, 2 வந்தா அண்ணன். 3, 4 வந்தா நாங்க. 5, 6 வந்தா சித்தப்பா. 7 வந்தா மேக்காலத் தோட்டம். மிச்சத்தை எடுக்கறதுக்குப் பைத்தான்ல சதவீதக் குறியைப் போடணும். சதவீதத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை, குறி மட்டும்தான் அது.

இது ஓடினதும் எனக்குப் பெருமை தாங்கல. ஆனா ஒவ்வொரு நாளும் ஃபைலைத் திறந்து, உள்ளே இருக்கற தேதியை அழிச்சு, புதுத் தேதி எழுதி, சேமிச்சு, ஓட்ட வேண்டியிருந்தது. மகள்கிட்டக் காட்டினேன். "கணக்கு சரிப்பா. ஆனா ஃபைலை தினமும் தொட்டா அது யாருக்கும் நம்பிக்கை தராது. கை வெக்கறப்போ எதையாவது மாத்தினீங்களான்னு கேட்பாங்க. தேதியை வெளியில இருந்து குடுங்க"ன்னா.

கமாண்ட் லைன் ஆர்க்யுமென்ட்னு அதுக்குப் பேரு. கறுப்புத் திரையில "பைத்தான் முறை.பை"ன்னு அடிச்சு, கொஞ்சம் இடம் விட்டு, தேதியையும் அதே வரியில அடிக்கறது. உள்ளே இருக்கற ப்ரோக்ராமை யாரும் தொடறதில்லை. கேள்வி மட்டும் வெளியில இருந்து போகுது.

அந்தத் தேதியைப் ப்ரோக்ராம் எப்படி எடுத்துக்கும்? அதுக்கு சிஸ்னு இன்னொரு மாட்யூல். "இம்போர்ட் சிஸ்"னு போட்டா, சிஸ்.ஆர்க்விங்கற ஒரு பட்டியல் கைக்கு வரும். நாம அந்த வரியில என்னென்ன அடிச்சோமோ அதெல்லாம் அதுல வரிசையா இருக்கும். எண்ணிக்கை சைபர்ல இருந்து ஆரம்பிக்கும். சைபர்ல இருக்கறது ப்ரோக்ராமோட பேரு, முறை.பை. ஒண்ணுல இருக்கறது நாம குடுத்த தேதி. நம்ம பக்கம் கூலி ஆள் வந்து நின்னா, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அப்பறம் வேலையைச் சொல்ற மாதிரிதான். பேரு முதல்ல, வேலை அப்பறம்.

"இப்ப வேணும்னே தேதி குடுக்காம ஓட்டிப் பாருங்க"ன்னா. ஓட்டினேன். இண்டெக்ஸ் எரர்னு திட்டுச்சு. பட்டியல்ல ஒண்ணாம் இடத்துல யாரும் இல்லையே, எதை எடுக்கறதுன்னு கேக்குது. அதனால ஒரு வரி சேர்த்தோம். பட்டியலோட நீளம் ஒண்ணுதான்னா, அதாவது பேரு மட்டும் இருந்தா, இன்னிக்குத் தேதியை எடுத்துக்கோ.

இன்னொண்ணும் முக்கியம். வெளியில இருந்து வர்றது எல்லாம் வெறும் எழுத்தா வரும். 2024-06-01னு நாம அடிச்சா நமக்கு அது தேதி. பைத்தானுக்கு அது பத்து எழுத்து. டேட்.ஃப்ரம்ஐஸோஃபார்மட்னு ஒண்ணு இருக்கு, அதுகிட்டக் குடுத்தாத்தான் தேதியா மாத்திக் குடுக்கும். வருஷம் முதல்ல, மாசம் அப்பறம், தேதி கடைசியில, நடுவுல கோடு. நம்ம ஊரு வழக்கத்துல 1-6-2024ன்னு குடுத்தா ஏத்துக்காது, பிழைன்னு நின்னுடும். தப்பா ஒரு பதிலைச் சொல்றதுக்கு நின்னுடறது மேல்.

ஒரு மாசத்துல ப்ரோக்ராம் தயார். ஆனா ஒரு வரி மட்டும் காலியா இருந்தது. முதல் நாள்.

எந்தத் தேதியை முதல் நாளா வெக்கறதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இம்போர்ட் பண்ற மாதிரி எந்த மாட்யூலும் அதுக்கு இல்லை. எனக்குச் சாதகமா ஒரு தேதியைப் போட்டுக்கலாம். பங்குனி கடைசி அது. சின்ன வெங்காயம் நட்டு இருபது நாள் ஆகியிருந்தது, தண்ணிக்கு வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. என் கணக்குப்படி சித்திரை ஒண்ணு என்ற முறை. ஆனா அந்தத் தேதியைப் போட்டா இது என்ற ப்ரோக்ராமா ஆயிடும், கிணத்துக்கு ஆனதா இருக்காது.

மடிக்கணினியை எடுத்துக்கிட்டு அண்ணன் சாளைக்குப் போனேன். ஒரு வருஷத்துக்கு அப்பறம் போறேன். அண்ணி "வாங்க தம்பி"ன்னுட்டு மோர் கொண்டு வந்தாங்க. அண்ணன் ஒண்ணும் சொல்லல, கட்டில்ல தள்ளி உக்காந்து இடம் விட்டார். சுவத்துல பிளக் பாயிண்ட் தேடி மாட்டி, ஓட்டிக் காட்டினேன்.

"இது யாரு சொல்லிக் குடுத்தா?"

"பாப்பா சொல்லிக் குடுத்தா. எழுதினது நான்தானுங்ண்ணா."

"எங்க, இதுல என்ற மூணு நாள் எங்க இருக்குது?"

காட்டினேன். 0, 1, 2. ரொம்ப நேரம் அதையே பாத்தார். அப்பறம், "மழை பேஞ்ச நாளுக்கு இது என்ன சொல்லுது?"ன்னார்.

அங்கதான் விஷயமே இருந்தது. தேதியை வெச்சு எண்ணற ப்ரோக்ராமுக்கு மழை தெரியாது. மோட்டார் போட்டாலும் போடாட்டியும் நாள் கழிஞ்சுடும். முறை நிக்கணும்னா, "நான் போடலை"ன்னு ஒருத்தர் சொல்லணும், அதை இன்னொருத்தர் நம்பணும். அந்த நம்பிக்கை இல்லாமத்தானே இங்க வந்து நிக்கறோம். அண்ணன் யோசிச்சுட்டு, "அப்ப நாள் கழியட்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கழிஞ்சா சரி"ன்னார். ரெண்டு வருஷமா சண்டை போட்ட விஷயம் ஒரு டம்ளர் மோர் தீர்றதுக்குள்ள முடிஞ்சுது. ப்ரோக்ராம் தீர்த்து வெக்கலை. ஏதாவது ஒண்ணைச் சொல்லு, இல்லாட்டி எழுத முடியாதுன்னு அது கேட்டது, அவ்வளவுதான்.

அடுத்து, நாள் எப்ப மாறுது? கம்ப்யூட்டருக்கு ராத்திரி 12 மணிக்கு மாறும். எங்களுக்குக் காலைல 6 மணிக்கு. ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி கட்டறவன் முந்தின நாள் முறைக்காரன். இதுக்கும் டேட்டைம் மாட்யூல்லயே வழி இருந்தது. டைம்டெல்டான்னு ஒண்ணு. இப்போ மணியில இருந்து 6 மணி நேரத்தைக் கழிச்சுட்டு, அப்பறம் தேதியை எடுன்னு சொல்லிட்டா போதும்.

கடைசியா முதல் நாள். "நீங்களே சொல்லுங்கண்ணா"ன்னேன்.

"சித்திரை ஒண்ணு. வருஷப் பொறப்பு. மூத்த பங்குல இருந்து ஆரம்பி."

2024 ஏப்ரல் 14, ஞாயித்துக்கிழமை. என் கணக்குல அது எனக்கு வர வேண்டிய நாள். அவர் சொன்னபடி போட்டா நான் மூணு நாள் காத்திருந்து ஏப்ரல் 17தான் மோட்டார் போட முடியும். வெங்காயம் கண்ணு முன்னாடி வந்துட்டுப் போச்சு. அந்த வரியில 2024, 4, 14னு அடிச்சேன். அந்த மூணு நாள்ல கிழக்கால வரப்போரம் ரெண்டு பாத்தி காஞ்சு போச்சு. மத்தது தாங்கிக்கிச்சு.

சித்தப்பா வீட்டுக்கும் மேக்காலத் தோட்டத்துக்கும் போய்ச் சொன்னோம், நானும் அண்ணனும் சேர்ந்து. சித்தப்பா, "உங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் பாத்ததே போதும் சாமி, எந்த நாளை வேணும்னாலும் வெச்சுக்கங்க"ன்னார்.

ரெண்டு நாள் கழிச்சு அண்ணன் மகன் போன் பண்ணினான். அவன் போன்ல டெர்மக்ஸ்னு ஒரு ஆப் போட்டு, அதுல பைத்தானை ஏத்தி, நான் வாட்ஸ்அப்ல அனுப்பின ஃபைலை ஓட்டிப் பாத்திருக்கான். "சித்தப்பா, பழைய தேதி குடுத்தாலும் இது பதில் சொல்லுதே"ன்னான். ஆமா, சொல்லும். முதல் நாளுக்கு முந்தின நாளைக் குடுத்தா கழிச்சு வர்றது மைனஸ் 1. அதை எட்டால வகுத்து மிச்சம் எடுத்தா பைத்தான் 7ன்னு குடுக்கும். சி மாதிரி வேற சில மொழியில மைனஸ் 1னே வருமாம். பைத்தான்ல சக்கரம் பின்னாடியும் அதே மாதிரி சுத்தும். மகள் இதைப் பெருமையாச் சொன்னா.

அன்னிக்குப் பொழுதோட அண்ணனே வந்தார். கிணத்து மேட்டுல உக்காந்தோம்.

"தம்பி, போன வருஷத்துத் தேதியைப் போட்டா அன்னிக்கு யார் முறைன்னு சொல்லுமா?"

"சொல்லும். ஆனா அன்னிக்கு நாம எண்ணின கணக்கு வேற. இது சித்திரை ஒண்ணுல இருந்து பின்னால எண்ணிச் சொல்லும். பதில் ஒண்ணு வரும், அது நிஜமான்னு சொல்ல முடியாது."

"வரவே வேண்டாம்டா. பசங்க பாத்துட்டு, அன்னிக்கு நம்ம முறையை அவங்க எடுத்துட்டாங்கன்னு பேசுவாங்க. நம்மளோட போகட்டும் அது."

அன்னிக்கு ராத்திரியே சேர்த்தேன். குடுத்த தேதி முதல் நாளுக்கு முந்தினதா இருந்தா, சிஸ்.எக்ஸிட். அதே சிஸ் மாட்யூல்தான், ப்ரோக்ராமை அங்கயே நிறுத்திடும். உள்ளே ஒரு வரி எழுதிக் குடுத்தா அதைச் சொல்லிட்டு நிக்கும். நான் தமிழ்லயே எழுதினேன். "சித்திரை ஒண்ணுக்கு முந்தின கணக்கு இதுல கிடையாது." கணக்குப்படி அந்த வரி தேவையே இல்லை. நான் எழுதினதுல அதுதான் ரொம்ப முக்கியமான வரின்னு எனக்குத் தோணுது.

அப்பறம் சின்னச் சின்ன வசதி. தினமும் ஓட்டறதுக்குப் பதிலா மாசப் பட்டியலா வேணும்னாங்க. ரெண்டாவது ஆர்க்யுமென்ட் சேர்த்தேன். தேதிக்கு அப்பறம் 30ன்னு குடுத்தா 30 நாளுக்கு வரிசையா வரும். இங்கயும் அதே எழுத்துச் சமாச்சாரம். 30 எழுத்தாத்தான் வரும். இன்ட்னு ஒண்ணுகிட்டக் குடுத்து எண்ணா மாத்தணும். மாத்தாம "30"ஓட "1"ஐக் கூட்டினா 31 வராது, 301னு பக்கத்துல பக்கத்துல ஒட்டி வரும். மகள் இதைச் செஞ்சே காட்டினா, சிரிச்சுட்டோம்.

வைகாசியில மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. கட்டறதுக்கு 9,600 ரூபாய். முன்னெல்லாம் இதுக்கும் ஒரு பேச்சு நடக்கும். பங்கு விவரம் ஏற்கனவே முறை.பையில இருக்கு, 3, 2, 2, 1. அதை மறுபடி எழுதாம, செலவு.பைன்னு ஒரு புது ஃபைல் எழுதி அதுல "இம்போர்ட் முறை"ன்னு போட்டேன். ஆமாங்க, நாம எழுதின ஃபைலும் மாட்யூல்தான். நெதர்லாந்துக்காரர் எழுதினதைக் கூப்பிடற அதே வார்த்தையில நான் எழுதினதையும் கூப்பிடலாம். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வர நேரமாச்சு.

ஒரு பக்குவம் மட்டும் வேணும். ஒரு ஃபைலை இம்போர்ட் பண்ணினா அதுல இருக்கறது பூராவும் ஒரு தடவை ஓடும். செலவுக் கணக்குக்குக் கூப்பிட்டா, அது இன்னிக்கு யார் முறைன்னு சொல்ல ஆரம்பிச்சுடும். அதைத் தடுக்க, "நேரடியா என்னை ஓட்டினா மட்டும் இதைச் செய்"னு ஒரு வரி இருக்கு. பேர் மெயினான்னு கேக்கற வரி. அதுக்குக் கீழே முறை சொல்ற வேலையைத் தள்ளி வெச்சுட்டா, கூப்பிட்டவங்களுக்குப் பங்கு விவரத்தை மட்டும் குடுத்துட்டுச் சும்மா இருக்கும்.

செலவு.பை 9600ன்னு அடிச்சேன். 3,600, 2,400, 2,400, 1,200. நாலு வீட்டுலயும் அன்னிக்கே பணம் வந்துடுச்சு. மோட்டார் இல்லாத அஞ்சு நாளை என்ன பண்றதுன்னு நாலு பேரும் உக்காந்து பேசி, முதல் நாளை அஞ்சு நாள் தள்ளிப் போட்டோம். முதல் நாளை மாத்தணும்னா நாலு பேரும் இருக்கணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டோம். அது எந்த ஃபைல்லயும் எழுதலை, வாய்வார்த்தைதான்.

பட்டணத்து நண்பர்கள்ல இதே தொழில்ல இருக்கறவங்க நிறையப் பேர் இதைப் படிக்கிறீங்கன்னு தெரியும். உங்களுக்கு இதெல்லாம் முதல் வாரத்துப் பாடம். ஆர்க்பார்ஸ்னு இன்னொரு மாட்யூல் இருக்கு, ஆர்க்யுமென்ட்டை எல்லாம் அதுவே சரிபாத்து உதவிக் குறிப்பும் காட்டும்னு மகள் சொல்றா. அதையும் கத்துக்கணும். இப்போதைக்கு ரெண்டே ரெண்டு கேள்வி கேக்கற கிணத்துக்கு இது போதும்.

ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். பெரியப்பாவை நம்பினோம், ஏன்னா அவர் ஆள் பாத்துக் கோடு போடல. முறை.பைக்கும் ஆள் தெரியாது. கேக்கறது அண்ணனா, நானா, சித்தப்பாவான்னு அதுக்குச் சொல்ல எந்த ஆர்க்யுமென்ட்டும் வெக்கலை. தேதியை மட்டும்தான் வாங்கிக்கும். யாரு கேட்டாலும் ஒரே பதில்.

ஆனா பெரியப்பா செஞ்சதுல ஒண்ணு அதால முடியாது. ஒரு வருஷம் சித்தப்பா வீட்டுல வெள்ளாமை காஞ்சுட்டு இருந்தப்போ, பெரியப்பா தன் மூணு நாள்ல ஒரு நாளை அவருக்கு விட்டுக் குடுத்துட்டு, சுவத்துல கோட்டை மட்டும் ஒழுங்காப் போட்டு வெச்சார். போன வாரம் எங்க வெங்காயம் கடைசித் தண்ணிக்கு நின்னுது. முறை எங்களுது இல்லை. காலைல ஆறரைக்கு அண்ணன் மோட்டாரைப் போட்டுட்டு, எங்க மடையைத் திறந்துவிட்டுட்டு, போன் பண்ணினார். "என்ற தென்னைக்கு நாளைக்குப் பாத்துக்கலாம், நீ மம்பட்டியை எடுத்துட்டு வா."

பட்டியல்ல அந்த நாளுக்கு நேரா அண்ணன் பேருதான் இருக்கு. அதை மாத்தலை.